சொல்வளமும் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வும்

(பட்டமேற்படிப்பை நாடும் மாணவர்களுக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உயர்கல்விக்காக இந்திய மாணவர்கள் நாடும் முதன்மையான நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. 2023-24ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களுள் 1,96,000-க்கும் மேற்பட்டோர் பட்டமேற்படிப்பு மாணவர்கள். இத்தகைய படிப்புகளுக்குரிய நுழைவாயில்களுள் நெடுங்காலமாக அறியப்பட்டது ஜி.ஆர்.ஈ. எனப்படும் தேர்வு. 1936ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் கார்னகி நிறுவனமும் மேற்கொண்ட ஒரு சோதனை முயற்சியாக இது தோன்றியது.

இத்தேர்வின் கணிதப் பகுதியில் இந்திய மாணவர்கள் பொதுவாக அஞ்சுவதில்லை. சொற்பகுதியே அவர்களை அச்சுறுத்துகிறது. பள்ளிக் கல்வியைத் தாய்மொழியில் முடித்து, பொறியியல் கல்லூரியில் பாடநூல் ஆங்கிலத்தை மட்டும் பழகிய மாணவருக்கு இந்த அச்சம் இரு மடங்காகும். அவருடைய அறிவாற்றலில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் அறிமுகமில்லாத சில சொற்கள் அவருக்கும் அவர் விரும்பும் ஆய்வுத்துறைக்கும் இடையே சுவராக எழுகின்றன. இச்சுவரைக் கடப்பதற்கு முறையான வழி எது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தேர்வின் இன்றைய தன்மை

தேர்வு மாறியிருப்பதைப் பலர் அறியாமலேயே தயாரிப்பைத் தொடங்குகின்றனர். எதிர்ச்சொல் கூறுதல், சொல் இணைகளுக்கிடையே ஒப்புமை காணுதல் ஆகிய வினாக்கள் முன்பு இடம்பெற்றிருந்தன. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவை நீக்கப்பட்டன. தனித்து நிற்கும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் முறை கைவிடப்பட்டு, வாக்கியச் சூழலில் சொல்லைப் பொருத்தும் முறை அதன் இடத்தைப் பெற்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தேர்வு மேலும் சுருக்கப்பட்டது. சொற்பகுதியில் இப்பொழுது 27 வினாக்கள். அவற்றுக்கு 41 நிமிடங்கள். மதிப்பெண் 130 முதல் 170 வரை.

இவ்வினாக்களுள் ஏறத்தாழப் பாதி, பத்தியைப் படித்துப் பொருளுணரும் வகையைச் சேர்ந்தவை. எஞ்சியவை கோடிட்ட இடத்தை நிரப்புபவை. ஒரு வகையில் ஒன்று முதல் மூன்று வரை கோடிட்ட இடங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சரியாக நிரப்பினால் மட்டுமே மதிப்பெண் உண்டு. மற்றொரு வகையில் ஆறு சொற்கள் தரப்பட்டு, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தெரிவு செய்யுமாறு கேட்கப்படும். ஒருபொருட்பன்மொழியாக அமைந்த இரு சொற்களைக் கண்டதும் குறித்துவிட இயலாது. அவை அவ்வாக்கியத்திற்குப் பொருந்துகின்றனவா என்பதையும் காண வேண்டும்.

எனவே, சொற்பட்டியலை நெட்டுருப் போட்டவர் இன்று பெறும் பயன் குறைவு. ஆயினும், சொல்லறிவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. சொல் தெரியாதவருக்குச் சூழலும் புலப்படாது. தேவைப்படுவது சொல்லின் பொருளோடு அதன் பழக்கத்தையும் அறிதல்.

மறதியின் கணக்கு

சந்தையில் கிடைக்கும் சொற்பட்டியல்களுள் 3,500 சொற்கள் கொண்டவையும் உண்டு. அறுபது நாட்களில் அதனை முடிக்க முனைபவர் நாள்தோறும் 58 புதிய சொற்களைக் கற்க வேண்டும். முதல் வாரத்திலேயே அவர் சோர்ந்து போவதில் வியப்பில்லை.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பின்னர் அதன் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். ஒரே இரவில் பத்து முறை படிப்பதைக் காட்டிலும் இடைவெளி விட்டு ஐந்து முறை நினைவுகூர்வது நன்று என்பது இதிலிருந்து வளர்ந்த கொள்கை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் இதனை ஓர் எளிய அட்டைப்பெட்டி முறையாக்கினார். அட்டையின் ஒரு புறம் சொல். மறு புறம் பொருள். சரியாக விடையளித்த அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். பின்னுள்ள அறைகள் நீண்ட இடைவெளிக்கு ஒரு முறையே திறக்கப்படும்.

இம்முறையின் சிக்கனத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நாளொன்றுக்குப் பத்துப் புதிய சொற்கள்; மாதம் 25 நாட்கள்; ஐந்து மாதங்களில் 1,250 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என ஐந்து முறை மீள்பார்வைக்கு வருவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 அட்டைகள். அட்டைக்குக் கால் நிமிடம் என்றால் பன்னிரண்டரை நிமிடங்கள் போதும். தவறிய அட்டைகளுக்கு மேலும் சில நிமிடங்கள் தேவைப்படலாம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே இது முடிந்துவிடும். மீதமுள்ள நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்கலாம்.

பொருளாதாரத்தில் கூறப்படும் குறைந்து செல் விளைவு விதி இங்கும் பொருந்தும். அடிக்கடி வரும் முதல் ஆயிரம் சொற்கள் தரும் பயனை, அரிதாக வரும் மூன்றாவது ஆயிரம் தருவதில்லை. அந்நேரத்தைப் பத்திகளைப் படிப்பதில் செலவிடுவதே ஆதாயம்.

சொல்லின் வேரும் உறவும்

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்பிற்குப் பின் பழைய ஆங்கிலச் சொற்களோடு பிரெஞ்சுச் சொற்கள் கலந்தன. கற்றோர் இலத்தீனிலிருந்து மேலும் பல சொற்களைக் கொணர்ந்தனர். கேட்டல் என்பதற்கு ‘ஆஸ்க்’, ‘க்வெஸ்ச்சன்’, ‘இன்டராகேட்’ என மூன்று சொற்கள் அமைந்தது இவ்வாறே. முதலாவது வீட்டிற்கு உரியது; இரண்டாவது அவைக்கு உரியது; மூன்றாவது காவல் நிலையத்திற்கு உரியது. நுழைவுத் தேர்வு பெரிதும் நாடுவது இந்த மூன்றாம் அடுக்கை.

இவ்வடுக்கின் வேர்களை அறிந்தால் சொற்கள் குடும்பமாக வந்து சேரும். பேசுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து ‘எலொக்வென்ட்’, ‘லொக்வேஷியஸ்’, ‘கொலோக்வியல்’, ‘சொலிலொக்வி’ ஆகியவை பிறந்தன. நாவன்மை, வாயாடித்தனம், பேச்சுவழக்கு, தனிமொழி என்று இவற்றின் பொருள்கள் ஒரே மரத்தின் கிளைகளாக நிற்கின்றன. இந்திய மாணவருக்கு இங்கு ஒரு தனி வாய்ப்பும் உள்ளது. இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின், நம் மொழிகளில் வழங்கும் நாமம், நவம், மரணம், தந்தம் என்னும் வடசொற்கள் ‘நாமினல்’, ‘நாவிஸ்’, ‘மார்ட்டல்’, ‘டென்டிஸ்ட்’ என்னும் சொற்களோடு உறவு கொண்டவை.

எனினும், வேரை நம்பி ஏமாறுவதும் உண்டு. ‘நாய்சம்’ என்பது இரைச்சலைக் குறிப்பதன்று. வெறுக்கத்தக்க நாற்றத்தைக் குறிப்பது. ‘எனர்வேட்’ என்பது ஊக்கம் தருவதன்று, வலுவிழக்கச் செய்வது. ஐயம் எழும்போது அகராதியே நடுவர்.

பழகிய சொல், பழகாத பொருள்

அரிய சொற்களைக் காட்டிலும் அன்றாடச் சொற்களே தேர்வில் பலரை வீழ்த்துகின்றன. ‘செக்’ என்பதற்குத் தடுத்தல் என்ற பொருளும், ‘க்வாலிஃபை’ என்பதற்கு ஒரு கூற்றை வரையறைக்கு உட்படுத்துதல் என்ற பொருளும், ‘வான்ட்’ என்பதற்கு இல்லாமை என்ற பொருளும் உண்டு.

அரசு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் ‘சாங்ஷன்’ என்ற சொல் ஒப்புதலைக் குறிக்கும். பன்னாட்டு அரசியலில் அதே சொல் தண்டனைத் தடையாகிறது. நமது நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்தல் என்றால் அவையின் முன் வைத்தல். அமெரிக்க வழக்கில் அதுவே விவாதத்தை ஒத்திவைத்தல். ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்றால் தன்னலச் சார்பற்றவர். ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்றால் அக்கறையற்றவர். நல்ல அதிகாரி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருத்தல் ஆகாது. இத்தகைய நுட்பங்களைப் பட்டியல் கற்பிக்காது. நாளிதழின் தலையங்கமும், அறிவியல் இதழின் கட்டுரையும், வரலாற்று நூலும் கற்பிக்கும்.

மனப்பாடம் நமக்குப் புதியதன்று. அமரகோசத்தையும் நிகண்டுகளையும் செய்யுளாகக் கற்ற மரபு நம்முடையது. ஆயின், அம்மரபில் நிகண்டு கற்றவர் அடுத்து நூல்களைக் கற்றார். இன்றைய மாணவருட் பலர் நிகண்டோடு நின்றுவிடுகின்றனர். குறை அங்கேதான் உள்ளது.

வாய்ப்பில் சமன்மை

மொழித்திறன் சோதனை எப்போது நியாயமற்ற தடையாகிறது என்பது நம் நாட்டிலும் எழுந்த வினாவே. குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலையில் 2011ஆம் ஆண்டு திறனறித் தாள் புகுத்தப்பட்டது. அதிலிருந்த ஆங்கிலப் பகுதி மாநில மொழிகளில் பயின்றோருக்குப் பாதகமானது என்ற எதிர்ப்பு எழுந்தமையால், 2014இல் அம்மதிப்பெண்கள் தரவரிசைக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. 2015 முதல் அத்தாள் முழுவதும் தகுதி பெறுவதற்கு மட்டும் என்றாயிற்று.

ஜி.ஆர்.ஈ. தேர்வையும் அண்மை ஆண்டுகளில் பல பல்கலைக்கழகத் துறைகள் கட்டாயமில்லை என்று அறிவித்துள்ளன. அவ்வாறாயின் இவ்வுழைப்பு வீணா என்று சிலர் வினவலாம். தேர்வு நீங்கினும் ஆய்வுக் கட்டுரைகளின் மொழி நீங்குவதில்லை. வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே அம்மாணவர் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க நேரிடலாம். 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு ஆங்கிலத்தை உயர்கல்விக்குரிய நூலக மொழியாகக் கருதியது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. தாய்மொழியில் சிந்திக்கும் மாணவர், நூலகத்தின் திறவுகோலாக இம்மொழியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

நகரத்துப் பயிற்சி மையத்திற்குப் பெருந்தொகை செலுத்த இயலாத மாணவருக்கு மாவட்ட நூலகமும் கல்லூரி நூலகமுமே துணை. நல்ல இருமொழி அகராதி, இரண்டு ஆங்கில நாளிதழ்கள், சில ஆய்விதழ்கள், மாலை எட்டு மணி வரை திறந்திருக்கும் படிப்பகம் ஆகியவற்றை அளிப்பது நிர்வாகத்தின் கடமை. இதற்காகும் செலவு சிறிது, பயன் பெரிது.

எஞ்சிய கடமை மாணவருடையது. நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள், ஒரு தலையங்கம், அரை மணி நேரம் என்னும் இவ்வளவும் தவறாது கைக்கொள்ளப்படுமாயின், ஐந்து மாதங்களில் சுவர் வாயிலாக மாறும். ஒருவரது அறிவை அளக்கும் கோல் அன்று ஆங்கிலம். அறிவைத் தேடிச் செல்லும் வழிகளுள் ஒன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் அச்சமின்றிக் கற்பார். அச்சமின்றிக் கற்றது எளிதில் மறவாது.