பிள்ளையின் நோவு தணிய

 

விளையாடித் திரும்பும் பிள்ளை காலைச் சாய்த்து நடந்தால், எங்கேனும் விழுந்திருப்பான் என்று வீட்டார் எண்ணுவர். முழங்கால் வலிக்கிறது என்பான். அங்கே வீக்கமும் இராது, காயமும் இராது. சில நாள் நொண்டுவான். சில நாள் ஓடுவான். பள்ளிக்குப் போக மனமின்றிப் பொய் சொல்கிறான் என்ற பழியும் அவன்மேல் விழும். வாரங்கள் பல கழிந்தபின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில்தான் உண்மை புலப்படும். நோய் இருக்குமிடம் இடுப்பு மூட்டு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புகள் கிளை விடுவதால், மேலே பிறக்கும் வலியைக் கீழே உள்ளதாகப் பிள்ளை உணர்கிறான். அவன் கூறியது பொய்யன்று.

இதற்குப் பெர்த்தீஸ் நோய் என்று பெயர். 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெக், பிரான்சின் கால்வே, ஜெர்மனியின் பெர்த்தீஸ் ஆகிய மருத்துவர் மூவர் இதனைத் தனித்தனியே விளக்கி எழுதினர். அதற்கு முன் இது பெரும்பாலும் மூட்டுக் காசநோயாகவே கருதப்பட்டது. 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் மிகுதி. சிறுமியரினும் சிறுவர்க்கு ஏறத்தாழ 4 மடங்கு வருகிறது. கர்நாடகத்தின் உடுப்பி வட்டாரத்தில் இது கூடுதலாகக் காணப்படுவதை மணிப்பால் மருத்துவர்கள் ஆய்ந்து எழுதியுள்ளனர்.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. இடுப்பெலும்பின் கிண்ணத்துள் அது சுழல்கிறது. அப்பந்துக்குச் செல்லும் குருதி ஓட்டம் தடைப்படுவதே இந்நோய். காரணம் இன்னும் தெளிவாகவில்லை. குருதி இழந்த எலும்பு மடிந்து, மென்மையுற்று, துண்டு துண்டாகச் சிதைகிறது. பின்னர்க் குருதி மீண்டும் பாய, புதிய எலும்பு வளர்கிறது. இதற்கு 2 முதல் 4 ஆண்டுகள் வரை செல்லும். இடைப்பட்ட காலத்தில் பந்து உருண்டையாகவே நிலைத்தால், அப்பிள்ளை வளர்ந்து நன்றாக நடப்பான். தட்டையாகிவிட்டால், நடுவயதிலேயே மூட்டுத் தேய்ந்து துன்புறுத்தும்.

இங்கேதான் வலி தணித்தலின் அருமை விளங்கும். வலி மிகும்போது தொடைத் தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசை காலை விரியவிடாது. விரியாத கால், பந்தைக் கிண்ணத்தின் விளிம்பில் அழுத்தி நசுக்குகிறது. ஆகவே வலியைத் தணிப்பது மூட்டின் வடிவைக் காப்பதுமாகும். பொறுத்துக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்வது அறியாமையே.

வலி மிகுந்த நாள்களில் படுக்கை ஓய்வு வேண்டும். நடக்க நேர்ந்தால் ஊன்றுகோலோ வாக்கரோ துணையாக வேண்டும். மருத்துவர் உடல் எடைக்கேற்ப அளவிட்டுத் தரும் ஐபுப்ரோஃபன் மருந்தை உணவுக்குப் பின் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையை ஒடித்துக் கொடுத்தல் ஆகாது. வலி அடங்கியதும், காலை வெளிப்புறம் அகற்றிப் பழகும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். ஓட்டமும் குதித்தலும் தவிர்க்கப்பட வேண்டும். மருத்துவர் இசைந்தால் நீச்சல் மிக நன்று. காலை வலிந்து முறுக்கிப் பிடித்துவிடும் வைத்தியம் கேடு பயக்கும். சிலருக்கு மாவுக்கட்டோ அறுவையோ தேவைப்படும். 6 வயதுக்கு முன் நோயுற்ற பிள்ளைகள் பலர் அவையின்றியே தேறுகின்றனர். காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்றவே மறுத்தால் அது மூட்டில் சீழ் கோத்ததாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருந்து எட்டாத நோவு ஒன்றும் உண்டு. தோழர் ஓட, தான் மட்டும் திண்ணையில் அமர்ந்திருக்கும் சிறுவனின் நோவு அது. சம்மணமிட்டு அமர்தலும் குந்தியிருத்தலும் அவனுக்கு அரிய செயல்கள். வீட்டில் மேற்கத்திய முறைக் கழிப்பறை வேண்டும். பள்ளியில் அவன் வகுப்பு தரைத்தளத்தில் அமைய வேண்டும். புத்தகப் பையைத் தோழன் ஒருவன் சுமக்கலாம். ஆட்டத்தில் ஓட்டக் கணக்கெழுதும் பொறுப்பை அவனுக்குத் தந்தால், அவனும் அந்த அணியில் ஒருவனாவான். எத்தனை நாள் இப்படி என்று அவன் கேட்டால், நாளையே சரியாகும் என்று ஏய்த்தல் வேண்டா. எலும்பு புதிதாக வளர்கிறது, அதற்குக் காலம் வேண்டும் என்று படத்தைக் காட்டி விளக்கினால் பிள்ளைகள் நன்கு புரிந்துகொள்வர்.

பெற்றோர் இருவர் மட்டும் தாங்கக்கூடிய சுமையன்று இது. ஆண்டுக்கணக்கில் நீளும் இக்காலத்தில் பாட்டி, தாத்தா, ஆசிரியர், அண்டை வீட்டார் அனைவரும் தோள் கொடுக்க வேண்டும். விழாப் பந்தியில் அத்தகைய பிள்ளை ஒருவன் வந்தால், கேள்வி கேட்டு அவனை நாணச் செய்யாது, ஒரு நாற்காலியை இட்டு, அவன் வயதுப் பிள்ளைகள் இருவரையும் அருகில் நாற்காலியிலேயே அமர்த்துங்கள். அவ்வேளையேனும் அவன் தன் காலை மறந்து உண்பான்.