எழுத்தின் பிறப்பு
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



‘பிறப்பு’ என்பது நம்மை நெடுங்காலம் வருத்திய சொல். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்கே ‘பிறப்பியல்’ என்று பெயரிட்டார். ஆயின், அங்கே பேசப்படுவது மனிதரின் பிறப்பன்று, எழுத்தின் பிறப்பு. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்கிறார்.

பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை. மகரத்திற்கு மட்டும் மூக்கொலி சேர்கிறது. அந்த ஒரு வேறுபாட்டால் ‘பண்’, ‘மண்’ ஆகிவிடுகிறது. பொருளை மாற்றும் இத்தகைய வேறுபாடுகளை இக்கால மொழியியலார் ‘வேறுபடுத்தும் கூறுகள்’ என்பர். யாக்கப்சன், ஃபான்ட், ஹாலே ஆகிய மூவரும் 1952-இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகளின் ஒலிகளை 12 இணைக் கூறுகளால் விளக்க முற்பட்டனர்.

இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பிள்ளை வகுப்பில் எழுந்து ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்று படித்தால், சிலர் நகைத்து, “சேரிப் பேச்சு” என்கின்றனர். மறுநாள் முதல் அப்பிள்ளை வாய்திறந்து படிப்பதில்லை. வாய் மூடினால் கல்வியும் மூடிப்போகும்.

உண்மை யாது? ழகரத்தை ளகரமாக ஒலிப்பது மதுரையிலும் நெல்லையிலும் பல சமூகத்தாரிடமும் உண்டு. நம் ‘ஏழு’ கன்னடத்தில் ‘ஏளு’, தெலுங்கில் ‘ஏடு’. அம்மொழிகளை இழிந்தவை என்பார் உண்டோ?

அதற்காக ழகரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாழை நம் கொல்லையில் நிற்பது. வாளை நீரில் துள்ளும் மீன். எழுதும்போது இரண்டும் மயங்கினால் தேர்வில் மதிப்பெண் போகும். எனவே பயிலுங்கள். ளகரத்தில், வளைந்த நாநுனி அண்ணத்தைத் தொட, காற்று நாவின் இருபுறமும் செல்கிறது. அவ்வளைவை விடாமல் நுனியைச் சிறிதே விலக்கி, காற்றை நடுவே விடுங்கள், ழகரம் வரும். இது நாவின் பழக்கமே. குலத்தின் பேறு அன்று.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவில் விளக்கருகே பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழை வந்தால் திருத்துங்கள், நகைக்காதீர்கள். எழுத்து பிறக்கும் இடம் வாய். அது எல்லார்க்கும் ஒன்றே.