தோட்டத்துப் பாம்பும் கம்பத்துப் பாம்பும்

பைபிள்ல வர்ற பாம்பு யாருன்னு கேட்டா, நம்மில் பலர் யோசிக்காம சொல்ற பதில்: சாத்தான். இன்னைக்கு அந்தப் பதிலைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

ஆதியாகமம், 3-ஆம் அதிகாரம். ஏதேன் தோட்டத்துக்கு வர்ற பாம்பை சாத்தான்னு அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லல. கடவுள் படைச்ச விலங்குகள்ல ரொம்பத் தந்திரமானது, அவ்வளவுதான். எபிரேய மொழியில இங்க ஒரு சொல் விளையாட்டு இருக்கு. தந்திரம்னா 'ஆரூம்', நிர்வாணம்னா 'ஆரோம்'. ஒரு வரியில மனுஷங்க நிர்வாணமா நிக்கிறாங்க. அடுத்த வரியில, கிட்டத்தட்ட அதே ஓசையோட, பாம்பு வருது.

பழம் தின்ன பிறகு விசாரணை. ஆதாமைக் கேட்டா ஏவாளைக் காட்டுறான். ஏவாளைக் கேட்டா பாம்பைக் காட்டுறாள். பாம்புகிட்ட மட்டும் கேள்வியே கிடையாது, நேரா தண்டனைதான். கவனிச்சுக்கோங்க, பழி கீழே கீழே தள்ளப்பட்டுக்கிட்டே போகுது.

அப்போ சாத்தான் எங்கிருந்து வந்தான்? பாம்பும் சாத்தானும் ஒண்ணுதான்னு நேரடியா சொல்றது பைபிளோட கடைசிப் புத்தகம், வெளிப்படுத்தின விசேஷம், 12-ஆம் அதிகாரம். அது முதல் நூற்றாண்டின் கடைசியில எழுதப்பட்டதுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆதியாகமத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழிச்சு!

நடுவுல இன்னொரு பாம்பு இருக்கு. எண்ணாகமம் 21. பாலைவனத்துல சோறு தண்ணி பத்தி முணுமுணுத்த இஸ்ரவேலரைப் பாம்புகள் கடிக்குது. அதுக்கு மருந்து என்ன தெரியுமா? மோசே வெண்கலத்துல ஒரு பாம்பு செஞ்சு கம்பத்துல தூக்கி வைக்கிறார். அதைப் பார்த்தவங்க பிழைச்சாங்க. யோவான் நற்செய்தியில இயேசு தன்னையே அந்தப் பாம்போட ஒப்பிடுறார். பாம்பு முழுக்கத் தீமைன்னா, இந்த ஒப்பீடு எப்படிச் சாத்தியம்?

கதை இன்னும் முடியல. பிற்காலத்துல மக்கள் அந்த வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சாங்க. எசேக்கியா ராஜா அதை உடைச்சுப் போட்டார். காப்பாத்தின அதே பாம்பு, விக்கிரகமா மாறிடுச்சு. மாறினது வெண்கலம் இல்ல, அதைப் பார்த்த மனுஷங்க.

இப்போ வாட்டிகன்ல இருக்கிற சிஸ்டைன் சேப்பலுக்குப் போவோம். மைக்கேலாஞ்சலோ 1508-லிருந்து 1512 வரைக்கும் வரைஞ்ச அந்தக் கூரையில ரெண்டு பாம்பும் இருக்கு. ஒரு மூலையில குணமாக்குற வெண்கலப் பாம்பு. நடுவுல மரத்தைச் சுத்தின ஏதேன் பாம்பு. அதுக்கு இடுப்புக்கு மேல பெண் உடம்பு! ஆதியாகமத்துல அப்படி ஒரு வார்த்தைகூட இல்ல. அவர் மட்டுமில்ல, அவருக்கு முந்தின ஐரோப்பிய ஓவியர்கள் பலரும் பாம்புக்குப் பெண் முகம் கொடுத்தாங்க.

ஆதாம் நீட்டின விரல் ஞாபகம் இருக்கா? அது அன்னைக்கு யாரைக் காட்டுச்சோ, அவங்க முகத்தையே காலப்போக்குல பாம்புக்கு ஒட்ட வச்சுட்டாங்க. அடுத்த தடவை யாரையாவது 'பாம்பு'ன்னு சொல்ல வாய் வந்தா, நம்ம விரல் எந்தப் பக்கம் நீளுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.