உரிமத்தில் இருக்கும் பெயர்

பல ஆண்டுகள் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக உழைத்தவர், சொந்தமாகக் குத்தகை எடுக்க விரும்புவது இயல்பு. ஆனால், சிங்கப்பூரில் வரைபட ஒப்புதல் தேவைப்படும் கட்டட வேலைகளுக்கு அனுபவம் மட்டும் போதாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் உரிமமும் வேண்டும்.

2004இல் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் மாண்டனர். அதன்பின் விதிமுறைகள் கடுமையாயின. 2009 ஜூனில் கட்டுமான நிறுவனங்களுக்கான உரிமத் திட்டம் நடப்புக்கு வந்தது.

பொதுக் கட்டுமான உரிமம் இரு வகைப்படும். இரண்டாம் வகைக்குச் செலுத்திய மூலதனம் குறைந்தது 25,000 வெள்ளி. 6 மில்லியன் வெள்ளி வரையிலான வேலைகளை ஏற்கலாம். முதல் வகைக்கு 300,000 வெள்ளி. வேலையின் மதிப்புக்கு வரம்பில்லை.

பணத்தைவிட ஆள் முக்கியம். நிறுவன நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர், கட்டட வேலைக்குப் பொறுப்பான தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர் ஆகியோரைக் காட்டியே உரிமம் பெற வேண்டும். தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர் அதே சமயத்தில் உரிமம் பெற்ற வேறு நிறுவனத்துக்கும் அப்பொறுப்பை ஏற்க முடியாது.

இங்கேதான் சிலர் சறுக்குகிறார்கள். தெரிந்த பொறியாளரின் பெயரை மட்டும் இரவல் வாங்குகிறார்கள். பெயர் தாளில் இருக்கும். ஆள் தளத்தில் இருக்கமாட்டார். பள்ளத்தின் தடுப்பு சாய்ந்தால், வேலையை நிறுத்தச் சொல்ல அங்கே யாருமில்லை. கீழே நிற்பவர் வேறொருவர் வீட்டுப் பிள்ளை.

உரிமம் மூன்றாண்டுக்குச் செல்லும். காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க வேண்டும். பொறுப்பாளர் விலகினால் தகுதியான மற்றொருவரை நியமிக்க வேண்டும். கட்டணம் கட்டுவதால் மட்டும் உரிமம் காப்பாற்றப்படுவதில்லை. அதில் பெயர் உள்ளவர் தளத்துக்கு வந்து நிற்பதால்தான் அது காப்பாற்றப்படுகிறது.