வீட்டுக்கு ஒரு தச்சு மேஜை



முகையூர் பக்கம் மல்லாட்டை பிடுங்கி முடித்த கையோடு மரவேலைகள் வந்து சேரும். மண்வெட்டிக்குக் காம்பு போடணும், கொட்டகைக் கதவைச் சீர் செய்யணும், கோழிக்கூண்டு அடிக்கணும். நாம் என்ன செய்கிறோம்? கட்டையைத் தரையில் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு வாச்சியை ஓங்குகிறோம். கைதேர்ந்த ஆசாரிக்கு அது சரி. அவருக்குக் கால்விரலே இடுக்கி. (நம்ம பக்கத்து மரவேலை லேசுப்பட்டதில்லை. 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) வருஷத்துக்கு நாலு நாள் வாச்சி எடுக்கிற நமக்கு அது ஒத்துவராது. உளி நழுவிக் காலில் இறங்கினால், அந்தப் புண்ணோடு நடவுச் சேற்றில் இறங்க முடியுமா? மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் ரணஜன்னி வேறு வரலாம்.

அதனால்தான் ஒரு மேஜை வேண்டும் என்கிறேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் போதும். வேம்பு, வாகை, கருவேலம் எதுவானாலும் வைரம் பாய்ந்த பாகமாகப் பாருங்கள். வெளிறு பாகத்தைப் பூச்சி அரிக்கும். சீமைக்கருவேலத்தின் வைரமும் நல்லதுதான், நேரான கட்டை கிடைப்பதுதான் பாடு. பச்சை மரத்தில் மட்டும் செய்யாதீர்கள். அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நன்றாகக் காய விடுங்கள். அவசரப்பட்டால் மேஜை முறுக்கிக்கொள்ளும்.

மேல்பலகை இரண்டரை அங்குல கனம், கால்கள் நாலுக்கு நாலு. ஒரே அகலப் பலகை கிடைக்காவிட்டால் இரண்டு பலகையை நடுவில் ஓரங்குல இடைவெளி விட்டுப் போடலாம். கால்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்து, ஆணிக்குப் பதிலாக போல்ட்டும் வாஷரும் போடுங்கள். நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் மேஜையின் உயரம். இழைக்கும்போது ஆடுகிற மாதிரி இருந்தால் கீழ்ச்சட்டத்தில் பலகை போட்டு இரண்டு கருங்கல்லை ஏற்றி வையுங்கள், அசையாது.

இனி முக்கியமான விஷயம், மரத்தைப் பிடித்துக்கொள்வது. இது இல்லாவிட்டால் அது சாப்பாட்டு மேஜைதான்.

முதலாவது, முளை. மேஜையின் இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலச் சதுரத் துளை போட்டு, அதில் இறுக்கமாக ஒரு கட்டையை இறக்குங்கள். கீழிருந்து தட்டினால் ஏறும், மேலிருந்து தட்டினால் இறங்கும். பலகையை அதில் முட்டக் கொடுத்து இழைத்தால் நழுவிப் போகாது.

அடுத்தது கொக்கி. கொல்லுப்பட்டறையில் ஆறு நூல் உருட்டுக் கம்பியை வாத்துக்கழுத்து மாதிரி வளைத்து, நுனியைத் தட்டையாக்கித் தரச் சொல்லுங்கள். முறுக்குக் கம்பி வேண்டாம். மேல்பலகையில் கம்பியைவிட அரை நூல் பெரிய துளைகளை நேர்குத்தாகப் போடுங்கள். கொக்கியைத் துளையில் விட்டு, நுனியை மரத்தின்மேல் வைத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் கம்பி துளைக்குள் சாய்ந்து கவ்விக்கொள்ளும். பின்பக்கம் தட்டினால் விட்டுவிடும். வழுக்கினால் கம்பியை அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். நுனிக்கடியில் துண்டுப் பலகை வைத்தால் மரத்தில் வடு விழாது.

பலகையின் ஓரத்தை இழைக்க என்ன வழி? வைஸ் வாங்கிப் பொருத்தலாம். காசு இல்லையா, முன்விளிம்பில் கவை போல வெட்டிய கட்டையைப் போல்ட் போட்டு முடுக்குங்கள். பலகையை அதில் நிறுத்தி, பக்கத்தில் ஓர் ஆப்பு அடித்தால் போதும். இதற்காகவே முன்கால்களை மேல்பலகையின் விளிம்போடு ஒரே மட்டமாக நிறுத்த வேண்டும். உள்ளே தள்ளிப் போட்டால் நீளப்பலகைக்குப் பக்கபலம் கிடைக்காது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

மண்தரையானால் கால்களுக்கடியில் கல் வையுங்கள், கரையான் சீக்கிரம் ஏறாது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி போல்ட் தளரும். அப்போது ஒரு சுற்று முடுக்கி விடுங்கள்.