நம் ஊர் பெயரில் ஒரு கப்பல்



"அவன் சரியான எம்டன்!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு நம் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டே கிளம்பினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் அதற்கொரு நினைவுக் கல் இருக்கிறது. நம்மைப் பயமுறுத்திய கப்பலின் பெயரை நம் பேச்சில் நூறாண்டுக்கு மேல் வைத்திருக்கிறோம். நம் ஊரின் பெயரையே தாங்கி ஓடும் கப்பலைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் ஐ.என்.எஸ். சென்னை. மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் 2006-ல் வேலை தொடங்கியது. கொல்கத்தா, கொச்சி என்று இரண்டு அக்காமார் அதற்கு. மூன்றும் நம் கடற்படையின் சொந்த வடிவமைப்பு. 2013 ஏப்ரலில் தண்ணீரில் இறக்கினார்கள். 2016 நவம்பர் 21 அன்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் கடற்படையில் சேர்த்து வைத்தார். முழுதாகப் பத்தாண்டு உழைப்பு ஐயா! 164 மீட்டர் நீளம், சுமார் 7,500 டன் எடை. மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் பாயும். 2020 அக்டோபரில் இதிலிருந்து ஏவிய பிரம்மோஸ் ஏவுகணை அரபிக்கடலில் வைத்த குறியைத் தப்பாமல் அடித்தது.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது வேறொரு நாளைப் பற்றி.

2024 ஜனவரி 4, மாலை நேரம். 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பல் பிரேசிலிலிருந்து பஹ்ரைனுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 21 பேர். அதில் 15 பேர் இந்தியர்கள். சோமாலியாவுக்கு அப்பால் நடுக்கடலில், ஆயுதம் ஏந்திய ஐந்தாறு பேர் ஏறிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. மாலுமிகள் பாதுகாப்பு அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். அந்த இரவை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் இரும்புச் சுவர், வெளியே துப்பாக்கி. யார் வருவார்கள், எப்போது வருவார்கள்?

கொள்ளையரைத் தடுக்க ரோந்து சுற்றிக்கொண்டிருந்த ஐ.என்.எஸ். சென்னை திசை திரும்பியது. விடிகாலையில் கடற்படை விமானம் மேலே பறந்து, உள்ளே இருப்பவர்களோடு தொடர்பு கொண்டது. மறுநாள் பிற்பகல் மூன்றே கால் மணிக்குச் சென்னை அந்தக் கப்பலை மறித்து நின்றது. விலகிப் போ என்று கொள்ளையருக்கு எச்சரிக்கை போனது. கடற்படையின் மார்க்கோஸ் கமாண்டோக்கள் ஏறி ஒவ்வொரு அறையாகத் தேடினார்கள். ஒரு கொள்ளையன்கூட இல்லை! 21 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அதோடு விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தக் கப்பலின் மின்சாரமும் எஞ்சினும் மறுபடி இயங்கக் கூட இருந்து உதவினார்கள்.

ஐ.என்.எஸ். சென்னை போன்ற போர்க்கப்பலுக்குத் தமிழில் நாசகாரி என்று பெயர். அந்த 21 குடும்பங்களிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் எம்டன் கதை சொல்லும் நாளில், 2024 ஜனவரி 5-ன் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.