அரசு ஏடும் நம் வினாவும்

தகவல் பெறும் உரிமையைப் பற்றிச் சட்டம் பயின்றோர் பேசட்டும், தமிழ் வகுப்பில் அதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். முதல் வேலையே அங்குதான் தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம்.

1994 டிசம்பரில், இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்துப் பாலி மாவட்டத்தில், கோட் கிரானா என்னும் ஊரில் மக்கள் திரண்டனர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு கூட்டிய பொது விசாரணை அது. ஊர்ப் பணிகளுக்கான கூலிப் பட்டியலும் செலவுச் சீட்டுகளும் அங்கே உரத்துப் படிக்கப்பட்டன. எழுத்தறியாதவரும் தம் பெயருக்கு நேரே ஏட்டில் எழுதியிருந்ததைக் காதால் கேட்டனர். தாம் செய்யாத வேலைக்குத் தாமே கூலி பெற்றதாக அது சொல்வதை அறிந்தனர். அலுவலகப் பெட்டகத்துள் ஊமையாய்க் கிடந்த ஏடு, படித்துக் காட்டியதும் சாட்சியாயிற்று. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்வுப் போராட்டம் நடந்தது. 2005இல் தேசிய அளவிலான சட்டம் வந்தது.

அச்சட்டத்தின்படி முப்பது நாளில் விடை தர வேண்டும்; ஒருவரின் உயிரோ சுதந்திரமோ தொடர்புடையதாயின் நாற்பத்தெட்டு மணி நேரம். கேட்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதனை எழுத்தில் வடிக்க அலுவலரே உதவ வேண்டும். மொழி அறிந்தோர் போற்றத்தக்க விதி இது.

ஆயினும் விண்ணப்பங்கள் பல வீணாகின்றன. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் பயனில்லை. ஏட்டில் இருப்பதைத் தரவே சட்டம் கட்டளையிடுகிறது. இல்லாத விளக்கத்தைப் புதிதாக உருவாக்கச் சொல்லவில்லை. "இச்சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் தருக" என்று கேட்டால் ஏடு வரும். 'ஏன்' என்பதற்கு விடையை அதன்பின் நாமே கண்டுகொள்ளலாம். வினாச்சொற்களை இலக்கணப் பகுதியில் நடத்துகிறோமே, அவற்றுள் எது ஆவணத்தைக் கொணரும், எது கொணராது என்று என்றேனும் நடத்தியதுண்டா?

மலேசியாவில் பினாங்கும், 2011இல் சிலாங்கூரும் மாநிலச் சட்டம் இயற்றின. சிலாங்கூரில் காரணமும் நோக்கமும் எழுத வேண்டும். கூறிய நோக்கத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்துவது குற்றம். குடிமக்களைத் தயங்க வைக்கும் விதி என்பதே நம் கருத்து. விதி மாறும்வரை அந்நோக்கத்தைப் பிசகின்றி எழுதப் பழகுவதும் மொழிப் பயிற்சியே.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் எழுதும் புகார்க் கடிதங்கள் 'ஆவன செய்யுமாறு' என்றே முடிகின்றன. அவ்விடத்தில், வேண்டிய ஆவணத்தின் பெயர், அதன் ஆண்டு, அதனை வைத்திருக்கும் அலுவலகம் ஆகிய மூன்றையும் எழுதச் செய்யுங்கள். ஒரு பாடவேளை போதும்.